பணம் கைக்கு வந்தது, முடிவு வரவில்லை: கற்பிட்டியிலிருந்து பார்க்கும் மாற்றுத்திறனாளி உதவி வரலாறு

1996இல் இரண்டு நாடுகள் மாற்றுத்திறனாளிகளுக்காகச் சட்டம் இயற்றின. பராமரிப்புக்காக உள்ளூராட்சிச் சபை செலவிடும் பணத்தை அந்த மனிதரின் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றது பிரித்தானியச் சட்டம். உதவிக்கு யாரை வைப்பது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதெல்லாம் அவருடைய முடிவு. இலங்கையின் 28ஆம் இலக்கச் சட்டம் ஒரு தேசிய சபையையும் ஒரு செயலகத்தையும் அமைத்தது. வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. பொது இடங்களுக்குள் நுழையும் உரிமையைச் சொன்னது. உதவிப் பணத்தின் மீது யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி அதில் எழவேயில்லை. அது எழாமல் போனதற்கு ஒரு நீண்ட பின்னணி இருக்கிறது. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி போன்ற ஒரு கரையோரப் பிரதேசத்திலிருந்து பார்த்தால் அந்தப் பின்னணி தெளிவாகத் தெரியும்.

தொடக்கம் நிறுவனங்களில்தான். மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி 1912இல் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். இரத்மலானையில் அது வளர்ந்தது. தூரத்து ஊர்ப் பிள்ளை படிக்க வேண்டுமென்றால் வீட்டைவிட்டு அங்கே போய்த் தங்க வேண்டும். 1939ஆம் ஆண்டின் வறியோர் கட்டளைச் சட்டம் கொழும்பு, கண்டி, காலி மாநகரங்களோடு நின்றுகொண்டது. 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. பொதுசன உதவிப்பணத்தை ஊரார் பிச்சைச் சம்பளம் என்றே அழைத்தார்கள். தொகை சொற்பம், பெறுபவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

1980களில் காற்று திசை மாறியது. பள்ளிகளையும் இல்லங்களையும் தேடிப் போவதற்குப் பதிலாக, குடும்பத்தையும் ஊரையும் கொண்டே புனர்வாழ்வு அளிக்கலாம் என்ற சமுதாயம் சார் புனர்வாழ்வு முறையை உலக சுகாதார நிறுவனம் முன்வைத்தது. அதன் கைநூல் 1989இல் வெளிவந்தது. நூலை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையின் இயன்மருத்துவரான பத்மனி மெண்டிஸ் என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. இலங்கை அரசு 1994இல் இதைத் தேசியத் திட்டமாக்கியது. பிரதேச செயலக மட்டத்தில் மாற்றுத்திறனாளிகளின் சுயஉதவி அமைப்புகள் தோன்றின. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த பலர் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து பேசியது இந்த அமைப்புகளில்தான். ஆனால் பேச்சுரிமை வந்த அளவுக்கு நிதி உரிமை வரவில்லை. என் கணிப்பில், இலங்கை கைவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு இதுதான்.

இதற்கிடையே 1988ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலைகளில் 3 வீதத்தை ஒதுக்கியது. 2003இல் தேசியக் கொள்கை வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை, 2016இல் அதை ஏற்புறுதி செய்தது. தான் எங்கே, யாரோடு வாழ்வது என்பதை ஒருவர் தாமே தெரிவுசெய்யலாம் என்றும், அதற்குத் தனிப்பட்ட உதவியாளர் சேவை கிடைக்க வேண்டும் என்றும் அந்தச் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. 1996 சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவருவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது.

மாதாந்தக் கொடுப்பனவு தனிப்பாதையில் வளர்ந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 3,000 ரூபாவாக இருந்தது பின்னர் 5,000 ஆயிற்று. ஒதுக்கீடு போதாததால் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. ஒருவர் இறந்தால்தான் இன்னொருவருக்கு இடம் என்ற கொடுமையை ஊர் ஊராகச் சொல்வார்கள். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டம் தொடங்கியபோது 72,000 பேருக்கு 5,000 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தது. அடுத்து 7,500 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவுக்கு உயர்ந்தது.

இனிக் கற்பிட்டிக்கு வருவோம். பாலாவியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளும் மணல் குடாநாடு. ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல். வடக்கே பத்தலங்குண்டு, உச்சமுனை போன்ற தீவுகளில் மீன்பிடி வாடிகள். கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாடு, மருத்துவச் சான்றிதழ், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நடக்க முடியாத ஒருவருக்குத் தீவிலிருந்து படகு, கரையிலிருந்து முச்சக்கர வண்டி, கூட வருபவரின் ஒரு நாள் கூலி என்று செலவு முதலிலேயே தொடங்கிவிடும். பருவத்துக்குப் பருவம் வாடி மாறும் குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடத்தை நிரூபிப்பதே ஒரு பாடு.

அன்பளிப்பாக வரும் சக்கர நாற்காலியைப் பாருங்கள். முன்னால் சிறிய சில்லுகள் இரண்டு, வழவழப்பான மருத்துவமனைத் தரைக்காகச் செய்தவை. கற்பிட்டி மணலில் அவை அச்சு வரை புதையும். பின்னால் இருவர் தூக்கினால்தான் நகரும். நீண்ட அடித்தளமும் முன்னால் ஒரே பெரிய சில்லும் கொண்ட வகை இத்தகைய நிலத்துக்குப் பொருந்தும். நாற்காலியைப் பயனாளரின் வாழ்விடத்துக்கு ஏற்பத் தெரிவுசெய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டியது. ஆனாலும் வாங்கும் பட்டியலை வேறு எங்கோ முடிவு செய்கிறார்கள். புகைப்படம் எடுத்துக் கையளிக்கும் நாளில்தான் உரியவர் நாற்காலியை முதலில் பார்க்கிறார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தார்கள். முதியவர்களும் நடக்க முடியாதவர்களும் அந்தப் படகுகளில் இருந்தார்கள். முகாம் வாழ்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. வதிவிடப் பதிவு வடக்கில், வாழ்வு புத்தளத்தில் என்ற பிளவு உதவி கேட்போர் எல்லோரையும் வருத்தியது. இரட்டை அலைச்சல் மாற்றுத்திறனாளிகளுக்குத் தாங்க முடியாததாயிற்று. பட்டியலில் பெயர் எழுதுபவர் யார் என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை இந்தக் குடாநாடு நன்றாக அறியும்.

கொடுப்பனவைப் பணமாகக் கொடுப்பதே பெரிய சுதந்திரமல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், அதை அரிசிக்கோ மருந்துக்கோ செலவிட எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவானது. 10,000 ரூபாவைக் கொண்டு ஓர் உதவியாளரை முறையாக வேலைக்கு வைக்க முடியாது. பாதி மாதத்துக்குக்கூட எட்டாது. ஆகவே குளிக்க, உடுக்க, கடைக்குப் போகத் தாயையோ மனைவியையோ மகளையோ நம்பியே இருக்க வேண்டும். அந்தப் பெண்களின் உழைப்புக்குக் கணக்கும் இல்லை, ஓய்வும் இல்லை. வறுமைக்கான நிவாரணமும் இயலாமையால் வரும் மேலதிகச் செலவும் ஒரே தொகைக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான் கோளாறின் வேர்.

சுவீடன் இவற்றைப் பிரித்தது. ஸ்டொக்ஹோமில் அடோல்ஃப் ராட்ஸ்காவும் தோழர்களும் 1980களில் அமைத்த கூட்டுறவில் மாற்றுத்திறனாளிகளே உதவியாளர்களைத் தெரிவுசெய்து பயிற்றினார்கள். 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை உரிமையாக்கியது. வருமானம் குறைந்த நாட்டுக்கு அந்த முறையின் செலவு கட்டுப்படியாகாது என்பதை ஏற்கிறேன். ஆனால் உதவியாளர் கொடுப்பனவைத் தனியாகப் பிரிக்கவும், நாற்காலியின் வகையை உரியவரிடம் கேட்கவும், பயனாளிகளைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் சுயஉதவி அமைப்பின் பிரதிநிதியை வாக்குரிமையோடு அமர்த்தவும் சுவீடனின் கருவூலம் தேவையில்லை.

முடிவெடுக்கும் இடத்தில் இப்படி அமர்த்துவதற்கு அண்டையில் முன்மாதிரி உண்டு: 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தது. அடுத்த மாதம் 6ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வேட்புமனுப் பட்டியல்களில் பெண்களுக்கு ஒதுக்கீடு இருந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை.