ரிங்கெல்புளூம் ஆவணங்கள்

ரிங்கெல்புளூம் ஆவணங்கள் என்பவை, இரண்டாம் உலகப் போரின்போது போலந்தின் வார்சா கெட்டோவில் அடைக்கப்பட்ட யூதர்கள் தம் வாழ்வையும் அழிவையும் குறித்து இரகசியமாகத் திரட்டிய தொகுப்பு ஆகும். வரலாற்றாளர் இம்மானுவேல் ரிங்கெல்புளூம் (1900–1944) தலைமையிலான குழு இதனை உருவாக்கியது.

பின்னணி

ஐரோப்பிய நாடுகளின் வரலாறு நெடுங்காலம் பெரும்பாலும் அரசு, திருச்சபை ஆவணங்களைக் கொண்டே எழுதப்பட்டது. அவற்றில் யூதர்கள் வரி செலுத்துவோராகவும் வெளியேற்றப்பட்டோராகவுமே பெரிதும் தோன்றினர். இக்குறையைப் போக்க, யூதச் சமூகங்களின் சொந்தப் பதிவேடுகளைத் திரட்டுமாறு வரலாற்றாளர் சைமன் டப்னோவ் 1891 இல் ருசியப் பேரரசின் யூதர்களுக்கு அழைப்பு விடுத்தார். 1925 இல் உருவான யீவோ ஆய்வு நிறுவனம் பொதுமக்களையே சேகரிப்பாளர்களாக்கியது. ரிங்கெல்புளூம் இம்மரபில் வந்தவர். வார்சாவின் இடைக்கால யூதர்களைப் பற்றிய ஆய்வுக்காக 1927 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

தொகுப்பு

1940 நவம்பரில் கெட்டோ மூடப்பட்டது. அம்மாதமே குழு முறையாக இயங்கத் தொடங்கியது. சனிக்கிழமைகளில் கூடியதால் 'சபாத் மகிழ்ச்சி' எனப் பொருள்படும் 'ஓய்னெக் ஷாபெஸ்' என்பது அதன் மறைபெயராயிற்று. நாட்குறிப்புகள், மாணவர் கட்டுரைகள், தலைமறைவு இதழ்கள், சுவரொட்டிகள், பங்கீட்டு அட்டைகள், மிட்டாய் உறைகள் என அனைத்தும் சேர்க்கப்பட்டன. செல்ம்னோ கொலை முகாமிலிருந்து தப்பியவரின் வாக்குமூலமும் பதிவு செய்யப்பட்டது. குழு திரட்டிய செய்திகள் 1942 இல் போலந்தின் தலைமறைவு இயக்கம் வழியாக இலண்டனை அடைந்தன.

மறைப்பும் மீட்பும்

1942 ஆகத்தில் 10 உலோகப் பெட்டிகளும், 1943 பெப்ரவரியில் 2 பால் கலன்களும் நோவோலிப்கி தெருவில் இருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தின் அடியில் புதைக்கப்பட்டன. ரிங்கெல்புளூம் 1944 மார்ச்சில் குடும்பத்துடன் கொல்லப்பட்டார். குழுவின் முதன்மை உறுப்பினர்களில் மூவரே போருக்குப் பின் எஞ்சினர். அவர்களுள் ஒருவரான ஹெர்ஷ் வாசரின் வழிகாட்டலில், இடிபாடுகளிலிருந்து முதற் பகுதி 1946 செப்டம்பரில் மீட்கப்பட்டது. இரண்டாம் பகுதி 1950 டிசம்பரில் கிடைத்தது. மூன்றாவதாகப் புதைக்கப்பட்ட பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

முக்கியத்துவம்

ஏறத்தாழ 35,000 பக்கங்களைக் கொண்ட இத்தொகுப்பு வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் உள்ளது. யுனெஸ்கோ 1999 இல் இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கொலையாளிகளின் ஆவணங்களில் வெறும் எண்ணிக்கையாக நிற்கும் மக்கள், இவற்றில் பெயரோடும் தொழிலோடும் காணப்படுகின்றனர். இரகசியப் பள்ளிகள், கஞ்சித்தொட்டிகள், உணவுக் கடத்தல் ஆகியவற்றோடு, யூதக் காவலர் மீதான கடும் விமர்சனமும் மறைக்கப்படாமல் இடம்பெற்றுள்ளது. இதனால் கெட்டோவின் வரலாற்றை அங்கு வாழ்ந்தோரின் சொற்களைக் கொண்டே எழுதுவது வரலாற்றாளர்களுக்கு இயல்வதாயிற்று.