சிட்லிங்கியில எது முதல்ல வந்தது?

எங்க ஜில்லாவுல பெங்களூரு பஸ் ஏறாத வீடுன்னு ஒண்ணைக் காட்டுறது கஷ்டம். கட்டட வேலை, பேக்கரி, ஓசூர் கம்பெனி, திருப்பூர் பனியன் கம்பெனி, ஏதோ ஒண்ணு. இது இப்ப வந்த பழக்கம்னு நெனைச்சுடாதீங்க. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தப்போ தருமபுரி சேலம் ஜில்லாவுக்குள்ள இருந்தது. 1965-லதான் தனியாப் பிரிஞ்சோம். 1871 ஜனக் கணக்கையும் 1881 கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, பெருக வேண்டிய ஜனம் சேலம் ஜில்லாவுல குறைஞ்சிருக்கு. செத்தவங்க போக, மிச்சப் பேர்ல இலங்கைத் தோட்டம் வரைக்கும் பொழைக்கப் போனவங்க உண்டு. மானாவாரி பூமியில மழை தப்பினா மொதல்ல காலியாவது வாலிபப் பசங்கதான்.

பட்டணத்துல இருந்து வர்றவங்க எல்லாம் "பசங்க ஊர்லயே இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்"னு சொல்லிட்டு, சாயங்காலம் கார் ஏறிடறாங்க. இருக்கணும்னா என்ன வேணும்? அதுக்குப் பதில் எங்க ஜில்லாவுலயே ஒரு இடத்துல இருக்கு.

அரூருக்குத் தென்கிழக்கே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. பேரு சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அதிகம், லம்பாடித் தாண்டாக்களும் உண்டு. 1990-கள் தொடக்கத்துல அங்க பொறக்கிற ஆயிரம் குழந்தையில 147 ஒரு வயசு தாண்டாது. ஆஸ்பத்திரின்னா அம்பது கிலோமீட்டர் கிட்ட போகணும், ஆபரேஷன்னா அதுக்கும் மேல.

அந்தக் காலத்துல இந்த மலைப்பக்கம் அரசாங்கம் எந்த முகத்தோட வந்ததுன்னும் சொல்லிடணும். சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியில 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க நுழைஞ்சு ஊரையே சூறையாடினாங்க. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. 2011-ல தருமபுரி கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளின்னு சொன்னது. அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிருந்தாங்க. 2023-ல ஐகோர்ட்டும் தீர்ப்பை உறுதி செஞ்சது. மண்ணை விட்டுப் போகாம இருக்கறதுன்னா சில ஊருக்கு அது முப்பது வருஷக் கேஸு.

அதே காலத்துலதான் ரெஜி, லலிதான்னு கேரளாவுல படிச்ச ரெண்டு டாக்டருங்க சிட்லிங்கிக்கு வந்தாங்க. 1993-ல ஒரு குடிசையில வைத்தியம் ஆரம்பிச்சது. பின்னாடி 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்'னு பெரிய ஆஸ்பத்திரியா வளர்ந்தது. எனக்கு முக்கியமாப் படறது டாக்டருங்க வந்தது இல்லீங்க. நர்சு வேலைக்கு அவங்க வெளியூர்ல ஆள் தேடல, அந்த மலைப் பொண்ணுங்களையே பழக்கினாங்க. பத்தாவது கூட முடிக்காத பொண்ணு பிரசவம் பார்த்துச்சு, ஆபரேஷனுக்குக் கூட நின்னுச்சு. ஊர் ஊரா வயசான பொம்பளைங்களையும் சுகாதாரப் பணியாளரா எடுத்தாங்க. அந்த 147 இருபதுக்குக் கிட்ட வந்தது. கல்யாணம் ஆனாலும் அந்தப் பொண்ணுங்களுக்கு ஊர்லயே ஒரு வேலை, ஒரு மரியாதை நின்னுச்சு.

உசுரு நின்ன பிறகுதான் வயித்துப்பாடு பேச்சு வந்தது. சாமை, கேழ்வரகை விட்டுட்டுப் பணப்பயிர் பக்கம் போனவங்க, உரக்கடைக் கடன்ல மாட்டித் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கூலிக்குப் போயிட்டிருந்தாங்க. 2004-ல நாலே நாலு விவசாயிங்க இயற்கை விவசாயத்துக்கு மாறினாங்க. சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் அப்படி ஆரம்பிச்சதுதான், பின்னால ஐநூறு பேரைத் தாண்டிருச்சு.

நீங்க இங்க கொஞ்சம் நிக்கணும். சாமையைக் களத்து மேட்டுலயே வியாபாரிக்கு அளந்து விட்டா, அவன் சொல்றதுதான் விலை. உமி நீக்கறது உரல்ல போட்டு இடிச்சவங்களுக்குத்தான் தெரியும், இடுப்பு ஒடிஞ்சிரும். அதையே உள்ளூர்ல மெஷின் வச்சு அரிசியாக்கி, மாவாக்கி, பாக்கெட் போட்டு 'ஸ்வாத்'ங்கற பேர்ல சங்கமே வித்தது. அறுவடை முடிஞ்ச மாசங்கள்லயும் வேலை இருக்கும். மானாவாரிக்காரன் ஊரை விட்டுப் போறதே அந்தக் காலி மாசங்கள்லதான்.

லம்பாடிப் பொம்பளைங்களோட பூத்தையல் ரெண்டு தலைமுறையா கிட்டத்தட்ட மறந்தே போச்சு. கை நெனப்புல வச்சிருந்த சில மூத்தவங்ககிட்ட இளசுங்க கத்துக்கிட்டு, 2006-ல 'பொற்கை'ன்னு ஒரு சங்கம் வச்சாங்க. அவங்க பாஷையில அதுக்குப் பெருமைன்னு அர்த்தம்.

இன்னொரு பக்கம் அனுராதா, கிருஷ்ணான்னு கட்டடக் கலை படிச்ச தம்பதி 'துளிர்' ஆரம்பிச்சாங்க. பத்தாவதுல பெயிலாப் போனவனை நாம என்ன சொல்லுவோம்? "பெங்களூருக்கு அனுப்பிடு." அங்க அவனுக்கு வயரிங், தச்சு, மண் கட்டடம்னு கைவேலை கத்துக் குடுத்தாங்க.

எல்லாரும் தங்கிட்டாங்கன்னு கதை விட மாட்டேன். பஸ் இன்னமும் நெறைஞ்சுதான் போகுது. இதுக்கு முப்பது வருஷம் ஆச்சு, வெளிப் பணமும் வந்தது. ஆனா 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தல்ல அங்க தலைவரா ஜெயிச்ச மாதேஸ்வரி, அந்த ஆஸ்பத்திரிக் கூட்டத்தோட வேலை பழகி வளர்ந்தவங்க. பயிர் எப்ப காயும், பிள்ளை எப்ப காய்ச்சல்ல படுக்கும்னு தெரிஞ்ச ஆளு நாற்காலியில உக்காந்தது பெரிய விஷயம்தான்.

என் பெரியவன் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கான். வந்துருடான்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. போன தீபாவளிக்கு வந்தப்போ அவனாக் கேட்டான்: "ஏம்ப்பா, ஏக்கருக்குச் செலவு போக என்ன நிக்கும்?" விதை, உழவு டிராக்டர், களை எடுக்கற கூலி, அறுப்புக் கூலி எல்லாத்தையும் இந்த வருஷம் நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு வர்றேன். இன்னும் அறுப்பு பாக்கி.