மெஷின் ஹெட்: ஹோட்டல் நடைவழியில் பிறந்த ஆல்பம்

1971 டிசம்பர் தொடக்கத்தில் டீப் பர்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழு சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகருக்கு வந்து இறங்கியபோது எல்லாம் தயாராக இருந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள கேசினோவைக் குளிர்காலத்துக்கு மூடியதும் ஒலிப்பதிவுக்குத் தருவதாக ஏற்பாடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு லாரியும் வாடகைக்கு வந்துவிட்டது. ஸ்டூடியோவுக்குள் அடைந்து கிடக்காமல், மேடையில் வாசிக்கிற அதே வேகத்தோடு ஓர் ஆல்பம் செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கேசினோவில் ஒரே ஒரு கச்சேரிதான் பாக்கி: டிசம்பர் 4, அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் நிகழ்ச்சி.

கச்சேரி நடுவே கூட்டத்திலிருந்த ஒருவர் ஒளிக்குண்டுத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை பற்றிக்கொண்டது. மான்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளோட் நோப்ஸ் ஓடி ஓடி ஆட்களை வெளியேற்றினார். உயிர்ச்சேதம் இல்லை, கட்டடம்தான் மிஞ்சவில்லை. புகை இறங்கி ஏரிமேல் பரவுவதை டீப் பர்பிள்காரர்கள் ஹோட்டலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து பேஸ் கிதார் வாசிக்கும் ரோஜர் குளோவர் தூங்கி எழும்போதே 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். பாடகர் இயன் கில்லனுக்கோ அது போதையைப் பற்றிய பாட்டு மாதிரி தோன்றியது.

அடுத்து பெவிலியன் என்ற அரங்கம் கிடைத்தது. அங்கே ராத்திரியில் ஒரு பாட்டுக்கு வாத்திய இசையை மட்டும் பதிவு செய்தார்கள். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உள்ளே வாசிப்பு முடியும்வரை குழுவின் உதவியாட்கள் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு பாட்டோடு அரங்கமும் போயிற்று.

கடைசியில் புகலிடம் கொடுத்தது, குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். ஆல்பம் பிறந்தது அதன் நடைவழியில். எதிரொலியை அடக்க மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்தார்கள். லாரி வெளியே நின்றது. கேபிள்கள் உள்ளே ஓடின. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறைகளுக்குள் நுழைந்து, பால்கனி தாண்டி, பனியில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். இரண்டொரு முறை போய்ப் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். லாரியில் இருந்த ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் நன்றாக வந்திருக்கிறது என்றால் நன்றாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன். திரும்பக் கேட்டுக் கேட்டுச் செதுக்க முடியாத இடத்தில், ஐந்து பேரும் ஒருவரையொருவர் காதால் பிடித்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். 'லேஸி'யின் தொடக்கத்தில் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் தனியாகப் புரண்டு வருவதையும், அதை அவர் கிதாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியே விட்டு உறும வைப்பதையும் கேளுங்கள். 'ஹைவே ஸ்டார்' பாட்டில் ரிச்சி பிளாக்மோரின் கிதார் தனி வாசிப்பு அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு அமைத்தது. செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் இசை வாடை அதில் தெரியும். கீழே இயன் பைஸின் டிரம்ஸ் ஒரு கணம் சளைப்பதில்லை.

டிசம்பர் 21-ல் பதிவு முடிகிற கட்டத்தில் கணக்குப் பார்த்தால் ஆல்பத்துக்குச் சில நிமிடம் குறைந்தது. பெவிலியனில் போலீஸுக்கு நடுவே பிடித்த அந்த வாத்தியப் பதிவு வார்த்தையில்லாமல் கிடந்தது. குளோவரின் தலைப்பை எடுத்துக்கொண்டு, தங்களுக்கு நேர்ந்ததையே வரிசையாகச் சொல்லிப் பாட்டாக்கிவிட்டார்கள். உலகமெங்கும் கிதார் கடையில் புதிதாய்க் கிதார் எடுக்கிறவர் விரல் முதலில் தேடும் அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் துணுக்கு, இடத்தை நிரப்ப வந்தது. முதலில் கிதார் மட்டும். பிளாக்மோர் அதைப் பிக் இல்லாமல் விரலாலேயே மீட்டுகிறார். ஹை-ஹாட் சேர்கிறது, டிரம்ஸ் ஏறுகிறது, பேஸ் கடைசியில்தான் வருகிறது.

1972 மார்ச்சில் ஆல்பம் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் குழு நம்பிக்கை வைத்து முதலில் சிங்கிளாக விட்டது 'நெவர் பிஃபோர்' என்ற பாட்டை. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' 1973-ல்தான் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து நான்காம் இடம்வரை ஏறியது.

ஒரு வருத்தம் உண்டு. அதே நடைவழியில் பதிவான 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' ஆல்பத்தில் இடம்பெறாமல், 'நெவர் பிஃபோர்' சிங்கிளின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. கில்லன் குரல் இவ்வளவு கனிந்து வந்த பாட்டுகள் குறைவு. அதைத் தள்ளியது தவறு. 1997-ல் வந்த மறுபதிப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் அந்தப் புகழ்பெற்ற ரிஃபிலிருந்து தொடங்க வேண்டாம். 'ஹைவே ஸ்டார்' முதல் 'ஸ்பேஸ் டிரக்கின்' வரை ஏழு பாட்டையும் வரிசை குலையாமல், சத்தமாக வைத்து, ஒரே மூச்சில் கேளுங்கள். மொத்தம் 37 நிமிடம்தான்.