வெப்பத்தைத் தீர்மானிக்கும் நிறமும் மேற்பரப்பும்

ஒஸ்லோவில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒபரா மாளிகையின் சாய்வான கூரை இத்தாலியின் கராரா வெண்பளிங்கினால் ஆனது. கோடை வெயிலை அது பெருமளவு திருப்பி அனுப்புகிறது. புதிதாக இடப்பட்ட தார் வீதியோ 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிச் சூடேறுகிறது. புதிய பனி 80 சதவீதமோ அதற்கும் மேலோ பிரதிபலிக்கும். புகைக்கரி படிந்தால் விரைந்து உருகும்.

ஆயினும், நிறம் மாத்திரமே காரணமல்ல. பளபளக்கும் உலோகம் ஒளியைப் பிரதிபலித்தாலும், உறிஞ்சிய வெப்பத்தைக் கதிர்வீச்சாக எளிதில் வெளியிடுவதில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பரப்பு குறைவாக உறிஞ்சி, அதிகமாக வெளியிடுகிறது.

இலங்கையிலும் தமிழகத்திலும் தகரக் கூரைகளின் கீழ் வாழும் குடும்பங்களுக்கு, மின்சாரமின்றி வெப்பத்தைத் தணிக்கும் மலிவான வழி இதுவே. ஆனால், பனியில் படியும் கரியைப் போலவே, கூரையில் படியும் தூசும் இப்பயனைக் குறைத்துவிடும்.