தங்கவயல் காத்த எழுத்து

கோலார் தங்கவயலின் வரலாறு என்றால் தங்கத்தின் எடையைச் சொல்வார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு வந்த மின்சாரத்தைச் சொல்வார்கள். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வடஆர்க்காடு, சித்தூர் பகுதிச் சேரிகளிலிருந்து வெளியேறிய நம் மக்கள். லைன் வீடுகளில் வாழ்ந்து, கல்தூசியால் நுரையீரல் கெட்டவர்கள்.

அவர்களை வெறும் கூலிகளாக நினைவுகூர நாம் மறுக்கிறோம். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழுக்கு அவர்கள் வாசகர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். பண்டிதர் 1914இல் மறைந்தார். 1926இல் 'தமிழன்' தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் மீண்டும் வந்தது. பண்டிதரின் எழுத்துகளை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை சிறுநூல்களாக அச்சிட்டது. 1999இல் ஞான. அலாய்சியஸின் தொகுப்பு வெளிவரும்வரை அந்த எழுத்துகள் உயிரோடிருக்க உதவியவை உழைப்பாளிகள் வாங்கிய இத்தகைய நூல்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் மிஞ்சின. பிள்ளைகள் விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பரணில் கிடக்கும் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள், முதியவர்கள் இருக்கும்போதே, மாணவர்களே, அந்த வீடுகளுக்குப் போய் எழுதிக்கொள்ளுங்கள். நாம் செலுத்தும் அஞ்சலி அதுதான்.