சரா ஓவலில் விழுந்த ஒரு சொல்

2006ம் ஆண்டு ஓகஸ்ட் 7ம் திகதி. கொழும்பு, பொரளையிலுள்ள பி. சரா ஓவல் மைதானத்தில் இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இடையிலான இரண்டாவது ரெஸ்ற் ஆட்டத்தின் நான்காம் நாள். 352 ஓட்டங்களைத் துரத்திக்கொண்டிருந்த இலங்கை அணியின் குமார் சங்கக்கார அடித்த பந்தை ஹஷிம் அம்லா பிடித்துவிட்டார். ரென் ஸ்போட்ஸ் தொலைக்காட்சியின் வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ், பயங்கரவாதிக்கு இன்னுமொரு விக்கட் கிடைத்துவிட்டது என்ற கருத்துப்பட ஆங்கிலத்தில் சொன்னார். விளம்பரம் போய்க்கொண்டிருக்கிறது, தனது குரல் வெளியே கேட்காது என்பது அவரது எண்ணம். தென்னாபிரிக்க ஒளிபரப்பிலோ அந்த இடத்தில் விளம்பரம் வரவில்லை. சொன்ன சொல் அப்படியே வீடுகளுக்குள் போய்விட்டது.

அம்லா டேர்பனில் பிறந்தவர். குஜராத்திலிருந்து போன முஸ்லிம் குடும்பம். நீண்ட தாடி வைத்திருப்பவர். அணிக்கு அனுசரணை வழங்கிய பியர் நிறுவனத்தின் சின்னத்தைத் தன் சட்டையில் அணிய மறுத்தவர். அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஜோன்ஸ் கண்ட ஆதாரம் அந்தத் தாடி மட்டுந்தான். பார்வையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தொலைக்காட்சி நிறுவனம் ஜோன்சை உடனடியாக வேலையிலிருந்து நீக்கியது. அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அம்லா அதை ஏற்றுக்கொண்டார். ஆட்டம் முடியுமுன்னரே ஜோன்ஸ் அவுஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அடுத்த நாள் இலங்கை ஒரு விக்கட்டால் வென்றது.

ஜோன்ஸ் எங்களுக்குத் தெரியாத மனிதரல்ல. 1986 செப்ரெம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் வெக்கையில் வாந்தி எடுத்து எடுத்து 210 ஓட்டங்கள் குவித்து, பிறகு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றப்பட்டவர். வெற்றி தோல்வியின்றிச் சரிசமனாக முடிந்த அந்த ஆட்டத்தை வானொலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவரது மன உறுதியை வியந்து பேசினோம். அதே வாயிலிருந்துதான் இருபது வருடங்களுக்குப் பிறகு இந்தச் சொல்லும் வந்தது.

சொல் விழுந்த இடத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். பி. சரா என்பது பாக்கியசோதி சரவணமுத்து என்னும் தமிழரின் பெயர்ச் சுருக்கம். மைதானம் தமிழ் யூனியன் கழகத்துக்குரியது. முத்தையா முரளிதரனின் கழகம். 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது ரெஸ்ற் ஆட்டத்தை ஆடியதும் இங்கேதான். அந்த ஆண்டிலேயே, 1979ல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் பிறகு அந்தச் சொல் எங்கள் அடையாள அட்டையோடு ஒட்டிக்கொண்டது. கொழும்பு லொட்ஜ்களில் நடுச்சாமத்தில் கதவு தட்டப்பட்டபோதும், சோதனைச் சாவடியில் பிறந்த ஊரைக் கேட்டபோதும், எங்கள் முகத்தில் தேடப்பட்டது அந்தச் சொல்தான். இந்த ரெஸ்ற் ஆட்டம் தொடங்கிய ஓகஸ்ட் 4ம் திகதிதான் மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் 17 உள்ளூர் ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆகவே ஜோன்சின் பதவி நீக்கத்தைக் கேட்டு எங்களில் சிலர் திருப்திப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஒருமுறையாவது இந்தச் சொல்லைச் சொன்னவனுக்கு விலை கொடுக்க வேண்டி வந்ததே என்ற திருப்தி. ஆனால் ஒரு வர்ணனையாளர் போனதால் சொல் போய்விடவில்லை. பகிடி என்று அவர் நினைத்ததை, சட்டமாகவும் கொள்கையாகவும் சொன்ன அரசுகள் அப்படியே இருந்தன. தொலைக்காட்சிக்காரருக்குப் பார்வையாளரை இழக்கும் பயம் இருக்கிறது. அரசுகளுக்கு அது இருக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அம்லாவுக்காகக் கோபப்பட்ட நாங்கள், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டபோது எங்கே நின்றோம்? யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்றைக்குத் துரோகி, காட்டிக்கொடுப்பவன் என்ற சொற்கள் ஒரு சமூகத்தின் மேலேயே எறியப்பட்டன. நாங்கள் பலர் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டு வீடுகளின் குசினிகளில், பிறர் யாருமில்லை என்று தெரிந்துகொண்டு, இன்றைக்கும் அவர்களைப் பற்றி நாங்கள் சொல்லும் பகிடிகள் ஜோன்சினுடையதிலிருந்து எவ்வளவு தூரம்?

அம்லா அந்தச் சொல்லுக்குத் துடுப்பால் மறுமொழி சொன்னார். 2012ல் லண்டன் ஓவலில் ஆட்டமிழக்காமல் 311 ஓட்டங்கள். தென்னாபிரிக்கர் ஒருவரின் முதலாவது முச்சதம். 2014ல் அணித் தலைவராகக் கொழும்புக்குத் திரும்பி வந்து, எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 139 ஓட்டங்கள் எடுத்து, தொடரையும் வென்று போனார். ஜோன்ஸ் மீண்டும் வர்ணனைக்குத் திரும்பினார். 2020 செப்ரெம்பர் 24ல், 59 வயதில், மும்பையில் கிரிக்கட் வர்ணனைப் பணிக்காகத் தங்கியிருந்தபோது இறந்தார். அவரது இறுதிச் செய்திகளில் சேப்பாக்கத்து 210ம் இருந்தது, சரா ஓவலில் சொன்ன சொல்லும் இருந்தது.

அவர் கெட்ட மனிதர் என்று நாங்கள் எழுதவில்லை. வெளியே கேட்காது என்று நம்பிய ஒரு கணத்தில் பேசிவிட்டார், அவ்வளவுதான். எங்கள் குசினிகளில் ஒலிவாங்கி இல்லை. அதனால்தான் எங்களில் ஒருவரும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.