விடுதலும் இசைவும்: இந்தியப் பொது விடுமுறையின் சொல் வரலாறும் சட்ட வரலாறும்

1. முன்னுரை

ஒரு நாட்டின் பொது விடுமுறைப் பட்டியல், அந்நாட்டரசு எந்தெந்தச் சமூகத்தாரின் காலக்கணக்கை ஏற்கிறது என்பதைக் காட்டும் ஆவணமாகும். விடுமுறை என்பது உழைப்போரின் உரிமையா, பணி தருவோரின் இசைவா என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. இந்திய மொழிகள் விடுமுறைக்கு வழங்கும் சொற்களிலும், 1881 முதல் இயற்றப்பட்ட சட்டங்களிலும் இவ்விரு கருத்துகளும் இடம்பெறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்கள்

ஆங்கிலத்தின் 'ஹாலிடே' திருநாள் என்னும் பொருளில் தோன்றியது. இந்திய மொழிச் சொற்கள் பலவற்றில் இச்சமயப் பொருள் இல்லை. அவற்றுள் இரு வகைகள் சிறப்பாக நோக்கத்தக்கவை.

முதல் வகை விடுபடுதலைச் சுட்டும். தமிழில் 'விடுமுறை', 'விடுப்பு' ஆகியன 'விடு' என்னும் வினையடியிற் பிறந்தவை. இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'சுட்டி' என்பதும் விடுபடுதலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையதே. இந்திச் சொல்லின் முதலொலி மூச்சொலியுடைய வல்லொலி. மராத்தியில் அது சகர உரசொலியாக நிற்கிறது. இருவேறு மொழிக்குடும்பங்கள் ஒரே பொருளடிப்படையில் இச்சொற்களை ஆக்கிக்கொண்டமை கருதத்தக்கது.

இரண்டாம் வகை இசைவைச் சுட்டும். கன்னடத்தின் 'ரஜெ' இசைவு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது. தெலுங்கின் 'செலவு' விடுமுறையையும் இசைவையும் ஒருங்கே குறிக்கும். தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட 'லீவு' என்பதன் ஆங்கில மூலமும் தொடக்கத்தில் இசைவையே குறித்தது.

தமிழ் ஆட்சிமொழி ஒரே அடிச்சொல்லைக் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. அனைவர்க்கும் பொதுவாக அறிவிக்கப்படுவது விடுமுறை. தனியொருவர் விண்ணப்பித்துப் பெறுவது விடுப்பு. தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மகப்பேறு விடுப்பு என்னும் தொடர்கள் இதற்குச் சான்றாகும்.

3. வணிகச் சட்டமும் விடுமுறையும்

இந்தியாவில் பொது விடுமுறைக்குச் சட்ட அடிப்படையாக அமைந்தது ஒரு வணிகச் சட்டம் என்பது வியப்புக்குரியது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 25ஆம் பிரிவில், ஓர் ஆவணத்தின் முதிர்வு நாள் பொது விடுமுறையாயின் அதற்கு முந்தைய வேலைநாளில் அது முதிர்வுற்றதாகக் கொள்ளப்படும் என்கிறது. பணம் செலுத்தும் நாளை உறுதிசெய்யவே 'பொது விடுமுறை' என்பதற்கு இங்கு விளக்கம் தேவைப்பட்டது.

அவ்விளக்கம் ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலப் புத்தாண்டு, கிறித்துமஸ், புனித வெள்ளி ஆகியவற்றைப் பெயர் கூறிச் சுட்டியது. பிற நாள்களை அரசிதழ் அறிவிப்புக்கு விட்டது. ஆள்வோரின் திருநாள்கள் சட்டத்திலேயே இடம்பெற, ஆளப்பட்டோரின் திருநாள்கள் ஆண்டுதோறும் அறிவிக்கப்பட வேண்டியனவாயின. 1955இல் செய்யப்பட்ட திருத்தம் ஞாயிறு ஒழிந்த ஏனைய பெயர்களை நீக்கியது. 1957 சூன் 8ஆம் நாளைய உள்துறை அமைச்சக அறிவிக்கையின் வழி, விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கும் கிடைத்தது.

4. ஞாயிறும் ஆலைத் தொழிலாளரும்

அலுவலகங்களுக்கு ஞாயிறு அரசாணையால் வந்தது. ஆலைத் தொழிலாளர்க்கோ போராட்டத்தால் வந்தது. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்க்கு மட்டுமே மாதம் நான்கு நாள் ஓய்வு அளித்தது. 1884இல் நாராயண் மேகாஜி லோகண்டே, பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ 5,500 பேரின் ஒப்பத்துடன் வார ஓய்வு கோரி விண்ணப்பம் அளித்தார். 1890 ஏப்ரலில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் கூடி இக்கோரிக்கையை வலியுறுத்தினர். அவ்வாண்டு சூன் 10ஆம் நாள் ஆலை உரிமையாளர் சங்கம் இசைந்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் வார ஓய்வை விரிவுபடுத்தியது.

ஞாயிறு மராட்டிய மக்கள் வழிபடும் கண்டோபாவுக்கும் உரிய நாளாகும். ஆதலால் கிறித்தவ மரபின்வழி வந்த ஓய்வுநாள், தொழிலாளரின் பண்பாட்டில் வேறொரு பொருளும் பெற்று வேரூன்றியது எனலாம்.

5. விடுதலைக்குப் பின்

சனவரி 26, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகியன தேசிய விடுமுறைகளாயின. இவற்றுள் முதலாவது, 1930இல் காங்கிரசார் முழு விடுதலை நாளாகக் கொண்டாடிய நாள். அந்நிய ஆட்சியை மறுத்த நாளே 1950 முதல் குடியரசு நாளாயிற்று.

சமயத் திருநாள்களின் நாளை முடிவுசெய்வது எளிதாக இருக்கவில்லை. நாட்டில் முப்பது அளவிலான பஞ்சாங்க முறைகள் வழங்கிவந்தன. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை அளித்தது. 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு முறை தேசிய நாட்காட்டியாயிற்று. ஆயினும் திருநாள்கள் வட்டார மரபுகளையும் பிறை தென்படுதலையும் சார்ந்தே இன்றும் அமைகின்றன.

நடுவணரசின் நிருவாக அலுவலகங்களுக்குரிய கட்டாய விடுமுறைகள் பதினான்கு. தேசிய நாள்கள் மூன்று நீங்கலாக எஞ்சிய பதினொன்றும் இந்து, இசுலாமிய, கிறித்தவ, சீக்கிய, பௌத்த, சமண சமயங்களின் நாள்களாகும். ஏனைய பல திருநாள்கள் வரையறுக்கப்பட்ட விடுமுறைப் பட்டியலில் உள்ளன; அவற்றுள் இரண்டை ஊழியர் தெரிந்துகொள்ளலாம்.

6. முடிவுரை

பெயரளவில் விடுமுறையாயினும், வரையறுக்கப்பட்ட விடுமுறை விண்ணப்பித்துப் பெறப்படுவதால் இயல்பில் விடுப்பே. பொங்கலும் ஓணமும் பிறக்கும் மாநிலத்தில் பொது விடுமுறை. வேற்று மாநிலத்தில் பணிபுரிவோர்க்கு அவை பெரும்பாலும் மேலலுவலரின் இசைவுக்குரியன. விடுதலுக்கும் இசைவுக்கும் இடையேயான எல்லை, மொழிவழி மாநிலங்களின் எல்லையோடு பெரிதும் ஒன்றிவிடுகிறது.

இவ்விரண்டினும் அடங்காதாரும் உளர். தினக்கூலி பெறுவோர் பலர்க்கு அரசு அறிவிக்கும் விடுமுறை கூலி இழக்கும் நாளேயாகும். 1884இல் எழுந்த கோரிக்கை அவர்களளவில் இன்னும் முழுமை பெறவில்லை. விடுபடுதலைக் குறிக்கும் சொல், விடுபடும் வாய்ப்பற்றோரையும் தழுவும்போதே 'பொது' என்னும் அடைமொழி பொருளுடையதாகும்.